வெளி மாநிலத்து ராயபுரத்தான்

விண்ணப்பத்தின் தலையில் சிவப்பு மையால் 'வெளி மாநிலம்' என்று எழுதியிருந்தது. கஸ்பார் அதை இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது காது மடல் சூடேறிவிட்டது.

"இத்த யாரு எழுதுனது?"

"நான்தான்," என்றார் பல்கலைக்கழகக் கவுண்டருக்குள் இருந்த குமாஸ்தா தேவப்பிரியம். "உங்க பொண்ணு விசாகப்பட்டணத்துல முதல் வருஷம் முடிச்சுட்டு, இங்க ரெண்டாம் வருஷத்துக்கு இடம் கேக்குது. அப்ப வெளி மாநிலம்தானே?"

"ராயபுரத்துல பொறந்த பொண்ணு சார். நானும் ராயபுரம், எங்க நைனாவும் ராயபுரம். ஆறு வருசம் அங்க ஹார்பர்ல சரக்கு தூக்கற வின்ச் ஓட்டப் போனேன். போனவன் திரும்பி வரக்கூடாதா?"

"வரவேணாம்னு யார் சொன்னா? அந்த மை எதுக்குன்னா..."

"மையோட கதை எனக்கு வேணாம். நீ எந்தூரு?"

"திருநெல்வேலி."

கஸ்பார் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? நானூறு மைலு ரயிலேறி வந்தவரு, டிராம் ஓடுன காலத்துலேர்ந்து இங்க கீறவன வெளியாளுன்றாரு."

வரிசை சிரித்தது. தேவப்பிரியம் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பேனாவை மூடினார்.

"நைனா, அவரு இன்னா சொல்ல வர்றாருன்னு கேளேன்," என்று ஃப்ளோரன்ஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு."

"பிறப்பிடச் சான்று கொண்டு வாங்க, தாசில்தார் கையெழுத்தோட," என்றார் தேவப்பிரியம். "வெள்ளிக்கிழமை கடைசி. தாராளமா அழிச்சுடறேன்."

அன்று திங்கட்கிழமை. வெள்ளி தவறினால் ஃப்ளோரன்ஸுக்குப் போக்கிடமில்லை. விசாகப்பட்டணத்தில் டி.சி. வாங்கியாயிற்று; அங்கே அவள் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்தாயிற்று. கெமிஸ்ட்ரியில் வகுப்புக்கே முதலாக வந்தவள். இங்கும் இடமில்லையென்றால் பிஸ்கட் கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை காலியாக இருப்பதாக அத்தைக்காரி இப்போதே சொல்லிவைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கஸ்பார் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தாலுகா அலுவலகம் போனார். தாசில்தார் ரேஷன் கார்டு கேட்டார். எடுத்து நீட்டினார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 'விசாகப்பட்டணத்திலிருந்து குடிபெயர்ந்தவர்' என்று அதில் முத்திரையே இருந்தது.

"நீங்களே சாட்சி கொண்டாந்துட்டீங்களே," என்றார் தாசில்தார்.

புதன்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு, கோயிலில் வாங்கிய ஞானஸ்நானச் சீட்டோடு போனார். ஊர் சரி, தேதி சரி, சாமியார் கையெழுத்தும் சரி. தாசில்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று பெண்ணிடம், "நீ பேரேமி, அம்மா?" என்றார்.

ஆறு வருடப் பழக்கம். "நா பேரு ஃப்ளோரன்ஸ் அண்டி," என்றாள் அவள், மரியாதையாக.

தாசில்தார் குனிந்து, கோப்பில் 'தாய்மொழி: தெலுங்கு' என்று எழுதினார்.

காலையில் வெறும் வெளியூர்க்காரராக உள்ளே போன கஸ்பார், மத்தியானம் அரசாங்கப் பதிவோடு தெலுங்கராக வெளியே வந்தார்.

"தமிழ்ல சொன்னா இன்னாடி?"

"அவரு தெலுங்குலதான நைனா கேட்டாரு."

"பேரத்தான கேட்டான். பேருக்கு இன்னா தெலுங்கு, தமிழு?"

வியாழக்கிழமை எண்ணெய்க் கறை படிந்த காக்கியோடு ஹார்பரிலிருந்து நேராகப் போனார். இடது கையைத் தாசில்தார் மேஜைமேல் வைத்தார். அதில் மூன்று விரல்தான் இருந்தது.

"மிச்சம் ரெண்டு இந்தூரு ஹார்பர்ல கீது. அம்பத்தெட்டுல இரும்புக் கயிறு அறுந்து எடுத்துக்கினு போச்சி. விசாகப்பட்டணத்துல ஒரு நகங்கூட உழல. நான் எந்தூருன்னு இத்தப் பாத்து எழுதிக்க."

தாசில்தார் கையைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"விரல் போனதுக்கு ரசீது ஏதாவது இருக்கா?"

அதோடு கஸ்பாருக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"வெரலுக்கு ரசீதா? உனக்கு மூள கீதுன்னு எந்தக் கஸ்மாலம்யா ரசீது குடுத்தான்? எங்க நைனா கப்பல்லேர்ந்து மூட்ட எறக்கி எறக்கி கூன் உழுந்து செத்தாரு. அந்த அரிசியத் துன்னப்ப எவனாவது எந்த மாநிலத்து முதுகுன்னு கேட்டானா? எம் பொண்ணு குந்தறதுக்கு ஒரு பெஞ்சு கேட்டா மட்டும் ஊரு பேரு வேணுமா உங்களுக்கு?"

இவ்வளவுதான் அச்சில் போட முடியும். மீதி கால் மணி நேரம் ஓடியது. தாசில்தாரின் நாற்காலி, அதைச் செய்த தச்சன், அவருக்கு வேலை கொடுத்தவன், கொடுத்தவனுடைய குடும்பம் என்று ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. டைப் அடிப்பவர்கள் கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓய்ந்ததும் தாசில்தார் மணியை அடித்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று கஸ்பார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஹெட்கிளார்க் வந்தார்.

"அந்தத் தெலுங்கை அடிச்சிடுங்க," என்றார் தாசில்தார், முகத்தைத் துடைத்தபடி. "இந்தப் பேச்சு ராயபுரத்தைத் தவிர லோகத்துல வேற எங்கயும் கிடையாது."

கையெழுத்து விழுந்தது. முத்திரை விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாகக் கவுண்டரில் நின்று, கஸ்பார் சான்றை அறைகிற மாதிரி வைத்தார். தேவப்பிரியம் அதை இரண்டு பக்கமும் படித்தார். பிறகு ஸ்கேலை எடுத்து வைத்து, 'வெளி மாநிலம்' என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அவசரமே படவில்லை. பக்கத்தில் 'உள்ளூர்' என்று எழுதி, விண்ணப்பத்தை ஒரு பெரிய கட்டின் அடியில் செருகினார்.

"திருப்திதானே?"

"உள்ளூருக்கு எத்தினி சீட்டு?"

"ரெண்டு. நூத்திப் பதினோரு மனு இருக்கு. உங்களோட சேர்த்து நூத்திப் பன்னெண்டு."

ஃப்ளோரன்ஸ் கட்டின் உயரத்தைப் பார்த்தாள். கஸ்பார் பார்க்கவில்லை. நாலு நாள் சண்டையில் ஜெயித்தவருக்கு அப்போது எல்லாமே சின்னதாகத் தெரிந்தது.

வராந்தாவில் பியூன் மஜீது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், திங்கட்கிழமை வரிசையோடு சேர்ந்து சிரித்தவர்களில் அவரும் ஒருவர். கஸ்பார் சான்றின் நகலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"படி தோஸ்து. கோடு போட வச்சிட்டேன். எம் பொண்ண இனிமே எவன் வெளியாளுன்னு சொல்றான், பாக்கறேன்."

மஜீது படித்தார். எழுந்து கவுண்டர் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, நகலை மடித்துக் கஸ்பார் பையிலேயே வைத்தார்.

"இன்னா மாமு இப்டிப் பண்ணிட்ட, வெளி மாநிலத்துப் புள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு சீட்டு கீது, அதுக்கு இந்த வருசம் வந்த ஒரே மனு உன் பொண்ணோடதுதான்."