நாலு வரிக்குப் பத்துக்குப் பத்து

நோட்டைத் திருத்துகிறவர்கள் அதைப் படிக்கவும் செய்கிறார்கள் என்று பெற்றோர் நம்புகிறார்கள். நானும் சிவப்பு மையில் ஏராளமாகத் திருத்தியிருக்கிறேன். படித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்போது நான் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிகத் தமிழ் டீச்சர். வேலை நிரந்தரமா இல்லையா என்று தலைமையாசிரியை ஷைலஜா மேடம் அந்த மாதக் கடைசியில் சொல்வதாக இருந்தது. அவர் வீட்டில் கன்னடம்தான். ஆனால் எங்கள் தமிழ்த் தெருக்களில் இத்தனை வருடம் புழங்கியதில் தமிழ் அட்சரம் பிசகாமல் புரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

ஏழாம் வகுப்புக்கு எதுகை மோனை நடத்தினேன். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, சொற்களின் முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. மேடத்தின் பிறந்தநாள் நெருங்கியதால், அவரைப் பற்றியே நாலு வரி எழுதச் சொன்னேன். ஒருவரைப் பற்றிய நாலு வரிப் பாட்டைப் பிள்ளைகள் இதுவரை எங்கே பார்த்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. தெருமுனை பேனரில்தான் பார்த்திருந்தார்கள். (நடுவில் போட்டோ, சுற்றி மாலை, மேலே 'கண்ணீர் அஞ்சலி'.)

தேன்மொழி என்ற மாணவியின் நோட்டில் நாலு வரியிலும் இரண்டாம் எழுத்து 'ண்'. வட்டம் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் மோனை வேறு! கோடு போட்டேன். பத்துக்குப் பத்து கொடுத்து, பிறந்தநாளன்று காலைப் பிரேயரில் அவளையே வாசிக்கச் சொன்னேன்.

"கண்ணில் நிறைந்த கல்வித் தாயே!
மண்ணை விட்டு மறைந்தது ஏனோ?
விண்ணில் இருந்தும் வெற்றி தருவீர்!
எண்ணி எண்ணி ஏங்கு கின்றோம்!"

இரண்டாம் வரியில்தான் எனக்கே அர்த்தம் உறைத்தது. அவள் கணீரென்று முடித்தாள். உடனே ஏழாம் வகுப்பு முழுவதும் தலைகுனிந்து மௌனமாக நின்றது. (இதை நான் நடத்தவில்லை.) பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த மேடமும் வேறு வழியில்லாமல் எழுந்து நின்றார்.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிராஸ சென்னாகிதெ" என்றார். எதுகை நன்றாக இருக்கிறதாம். "அர்த்தம் பாத்தீங்களா டீச்சர்?"

"இல்ல மேடம். எழுத்த மட்டும்தான் பாத்தேன்."

"சரி, ஹோக்லி பிடி, போகட்டும் விடுங்க. உங்க ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்து போட்டுடறேன். போனவங்க கையெழுத்து செல்லாதே!"

வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் என் பிறந்தநாளுக்கு மகள் வாழ்த்து அட்டையை நீட்டும்போது, "படிச்சுப் பாத்துட்டேம்மா. இதுல நீ உயிரோடதான் இருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறாள்.