எட்டு வாசல் வீட்டைப் புகழ்ந்தமைக்கு ஒரு மறுப்பு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன்.

மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று, போதும். சென்ற சனிக்கிழமை தாங்கள் எங்கள் வீட்டை ‘ஹார்லெம் நகரின் கவிதை’ என்று புகழ்ந்து, அதை மாற்றியமைத்த கட்டடக் கலைஞன் ஸ்யூர்டின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். ஸ்யூர்ட் என் மனைவியின் தம்பி. நான் எழுதிக் கொடுத்த கட்டுரைகளால் கல்லூரியில் தேறியவன். அந்த நன்றியைத்தான் செங்கல்லில் காட்டியிருக்கிறான்.

முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு டச்சு பீர் வியாபாரி, ஆதரவற்ற எட்டு மூதாட்டிகளுக்காக முற்றத்தைச் சுற்றிக் கட்டிய எட்டுச் சிறு வீடுகள் இவை. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஓர் அடுப்பு, சுவருக்குள் அலமாரி மாதிரி ஒரு கட்டில், எல்லாம் ஒருத்திக்கு. எட்டையும் சேர்த்து எங்களுக்கு ஒரே வீடு என்றான் ஸ்யூர்ட், ஆனால் எந்தச் சுவரையும் தொடக்கூடாது என்பது அரசு உத்தரவு. ஆகவே சமையல் ஐந்தாம் எண்ணில், குளியல் எட்டில். உப்பு எடுக்கக் குடை பிடித்துப் போகிறேன். கட்டிலில் இருவர் படுக்க முடியாததால் என் மனைவி வில்லமைன் இரண்டாம் எண்ணில், நான் ஏழில். முறையிட்டபோது, “அத்தான், கட்டடம் பேசுது. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க” என்றான் ஸ்யூர்ட். கேட்டேன். தனியாகக் கிட என்கிறது.

இதில், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே திறக்கும் அரைக்கதவு வேறு. மேல்பாதி திறந்திருந்தால் வரலாம், மூடியிருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது. மூதாட்டிகள் காலத்து வழக்கம், வில்லமைன் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். பதினொரு நாளுக்கு முன் எனக்குக் காய்ச்சல். குளிருக்காக மேல்பாதியை மூடினேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து அவள் பட்டாணி சூப்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லையே என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்து, கிண்ணத்தைக் கழுவாமல் திருப்பி வைத்தேன். அவளும் கதவை மூடிவிட்டாள். இருபத்தாறு வருஷம் ஒரே போர்வைக்குச் சண்டை போட்டவர்கள் ஐயா நாங்கள். இப்போது முற்றத்தில் பார்த்தால் அக்கம்பக்கத்தார் மாதிரி மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிகிறோம். இப்படியே விட்டால் அவளுக்கு இது பிடித்துப்போய்விடும்.

எனவே புகழுரையைத் திரும்பப் பெறுங்கள். ஒரே ஒரு சுவரில், ஆள் நுழையும் அளவு ஓர் ஓட்டை போட அனுமதி கிடைக்கும்படி எழுதுங்கள். தங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒரே கூரையின் கீழ் நெடுநாள் இடித்துக்கொண்டு வாழ்க.

பி.கு.: தபால்தலை இரண்டாம் எண்ணில் இருக்கிறது. வேறு வழியின்றிப் போய்த் தட்டினேன். வில்லமைன் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள்.

“காய்ச்சலா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“உன் கதவு மூடியிருந்துச்சு.”

“மொதல்ல மூடினது யாரு?”

அங்கே ஒரு நாற்காலிதான் கொள்ளும். அவள் கட்டில் விளிம்பில் உட்கார, முழங்கால்கள் முட்டிக்கொண்டன. யாரும் நகர்த்தவில்லை. ஓட்டை பற்றிய கோரிக்கையைத் தாங்கள் அடித்துவிடலாம். புகைபோக்கி அறைக்குள்ளேயே புகைவிடுகிறது என்பதைச் சேர்க்கச் சொல்கிறாள், சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்குத் தம்பி வந்தாக வேண்டுமாம், அதனால் என் பெயர் போடக்கூடாதாம். ஊரில் எட்டு வாசல் வீட்டுக்காரன் நான் ஒருவன்தானே, அவனுக்குத் தெரியாதா என்றேன்.

“அவன் பேப்பர்ல தன் படத்தை மட்டும்தான் பாப்பான்” என்றாள்.

ஆகவே, கையெழுத்தில்லாமல் அனுப்புகிறேன்.