மீன் தண்ணீர் விட்ட தோட்டம்

தோட்டம் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் பெரிய ஆபத்து இல்லை. ஊரில் இரண்டு வாழை நட்டவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வோபர்னில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் ஒடுங்கலான ஒரு மண் துண்டு. வெயில் எட்டியும் பார்க்காது. மழை பெய்தாலும் கூரை விளிம்பு மறித்துவிடும். என் மனைவி மலர் ஒன்பது வருடமாகச் சமையலறை யன்னலடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்தக் காய்ந்த மண்ணையே பார்த்து வந்தாள்.

ஒருநாள், "இஞ்சாருங்கோ, உதிலை பச்சையா ஏதும் நிண்டா நல்லா இருக்கும்" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்பதே அபூர்வம். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குள் அந்த இடத்தைச் சோலையாக்கிக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

செடி விற்கும் இடத்தில் நின்றது இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. நான் ரோசாவும் மல்லிகையும் கேட்டேன்.

"அங்கிள், அங்க எவ்வளவு சன் வரும்?"

"வராது."

"மழை?"

"விழாது."

"அப்ப ரோஸ் செத்துப்போயிடும், அங்கிள்."

நிழலையும் வறட்சியையும் தாங்கும் அகன்ற இலை ஹொஸ்டா, பெரணி இனப் பன்னம், இன்றுவரை என் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு படர்செடி மூன்றையும் அவளே தெரிவுசெய்து தந்தாள். "முதல் வருசம் தண்ணி மட்டும் நல்லா விடுங்கோ. வேற ஒண்டும் போடாதேங்கோ, ப்ளீஸ்." (அந்த ப்ளீஸை நான் கவனித்திருக்க வேண்டும்.)

இரண்டு கிழமையில் குருத்துகள் விரிந்தன. மலர் தேநீர்க் கோப்பையோடு யன்னலடியில் நிற்கத் தொடங்கினாள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. மீன் கழுவின தண்ணீரில் வாழை வளர்த்த எனக்கு வெறும் தண்ணீர் ஒரு சாப்பாடாகவே படவில்லை. அஜின்கோர்ட்டில் வாங்கிய மீனைக் கழுவிய தண்ணீரெல்லாம் செடிகளுக்குப் போயிற்று. பிறந்தநாளுக்கு முதல் நாள், விருந்துக்கு வெட்டிய பாரையின் செதிலையும் குடலையும் ஒவ்வொரு செடியின் அடியிலும் புதைத்தேன். (தலை குழம்புக்கு. நான் அவ்வளவு முட்டாள் இல்லை.)

காலையில் பிறம்ரனிலிருந்து மலரின் தம்பி குடும்பத்தோடு வந்தான். "எல்லாரும் இஞ்சை வாங்கோ" என்று கூப்பிட்டு, யன்னல் திரையை நானே இழுத்தேன்.

வெளியே, இரவில் குப்பைத்தொட்டி கிளறித் தின்னும் ஒரு தாய் ரக்கூனும் நாலு குட்டிகளும் பந்தியில் இருந்தன. ஹொஸ்டாக்கள் வேரோடு சுவரடியில் கிடந்தன. தாய் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டது.

"அத்தான், உவையளுக்கும் விருந்துக்குச் சொன்னனீங்களோ?" என்றான் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். மலர் சிரிக்கவில்லை. "நேற்றும் ஒரு குருத்து விட்டதப்பா" என்றாள். அந்தக் குரலைக் கேட்க எனக்கு அழுகை வந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மீன் கதை முழுவதையும் ஒப்புக்கொண்டேன்.

"குடலையுமோ?"

"ஓம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ரக்கூன்கள் போனதும் பிறந்தநாள் சேலையோடு இறங்கி, பிழைக்கக்கூடியவற்றைத் திரும்ப நட்டாள். நான் அவளுடைய மேற்பார்வையில் வெறும் தண்ணீர் சுமந்தேன். இப்போது அங்கே பன்னம் முழங்காலளவு நிற்கிறது.

போன மாதம் மகளின் கல்யாண மண்டபத்தில் மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். கணக்குச் சரி என்றேன். மலர் சம்பந்தி வீட்டார் முன்னிலையிலேயே சொன்னாள்:

"பின்கதவடியிலை இன்னும் ஒரு மேசை போடுங்கோ. இவரின்ரை ஆக்கள் ஐஞ்சு பேர் வருவினம்."