புயலும் ஒரு தாங்கி நல்ல தண்ணீரும்

எனக்குக் காற்றென்றால் பயம். பாம்புக்குப் பயப்படுகிறவனை உலகம் மன்னிக்கிறது. பேய்க்குப் பயப்படுகிறவனுக்குத் திருநீறு பூசிவிடுகிறது. காற்றுக்குப் பயப்படுகிறவனை மட்டும் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அதிலும் தீவுப்பகுதியில் பெண் எடுத்துவிட்டுக் காற்றுக்குப் பயந்தால்? (கடலுக்கு நடுவில் வந்து குடியிருந்துகொண்டு காற்று வேண்டாமென்று யாரிடம் போய் முறையிடுவது?)

நான் கிளிநொச்சிப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால் வருவதைக் குடிக்கலாம், குளிக்கலாம், மாட்டுக்கும் வைக்கலாம். கலியாணம் முடித்து நாரந்தனைக்கு வந்த பிறகுதான் தண்ணீரில் இரண்டு வகை இருப்பதைக் கண்டேன். கிணற்றில் ஊறுவது உவர். குளிப்பதற்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் மட்டும். குடிக்கிற ‘நல்ல தண்ணி’ பவுசர் என்கிற தாங்கி லொறியில் வரும். அதை வீட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாங்கியில் நிரப்பி வைத்திருப்பார்கள். என் மாமி அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் யாரையும் செருப்போடு போக விடமாட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதுவரை வவுனியாவில் படிப்பித்துக்கொண்டு, சனி ஞாயிறில் மட்டும் வந்துபோகும் மாப்பிள்ளையாக இருந்தேன். தந்ததைக் குடித்தேன், எங்கிருந்து வந்ததென்று யோசிக்கவில்லை. ஊர்காவற்றுறைக்கு இடமாற்றம் கிடைத்து மாமியார் வீட்டோடு வந்து சேர்ந்த கார்த்திகையில்தான் புயலும் வந்தது. என் மனைவி வாணிக்கு அப்போது நிறைமாதம்.

புயல் வருவதை எங்களுக்கு முதலில் அறிவித்தது வானொலி அல்ல, கனடா. வாணியின் தம்பி குமரன் அங்கே இருந்துகொண்டு போனில் படம் படமாக அனுப்பினான்.

“அத்தான், சிவப்பு வட்டம் சரியா உங்கட வீட்டுக்கு மேலை நிக்குது.”

“இஞ்சை இப்ப ஒரு இலையும் ஆடேல்லையே குமரன்.”

“அதுதான் அத்தான் பயம். ஆடாமல் நிண்டுதான் அடிக்கும். வெளியிலை கிடக்கிறது எல்லாத்தையும் கட்டுங்கோ. வெறுந் தாங்கியள் பறக்குமாம், கவனம்.”

அவ்வளவுதான். கயிற்றை எடுத்தேன். சைக்கிளைத் தென்னையோடு கட்டினேன். கதிரைகளை ஒன்றோடொன்று கட்டினேன். கோழிக்கூட்டை வேலியோடும், வேலியைப் பூவரசோடும் கட்டினேன். மாமா தன் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். குருநாகலில் கடை வைத்து ஓய்ந்து வந்தவர், மருமகனோடு அதிகம் பேசாதவர். நான் கதிரைக் காலில் முடிச்சுப் போடும்போது விழித்துக்கொண்டார். கொஞ்சம் பிந்தியிருந்தால் அவரையும் சேர்த்துக் கட்டியிருப்பேன்.

“தம்பி, நான் எங்கையும் பறக்கமாட்டன். நீர் போம்” என்றார்.

மாமி குசினியிலிருந்து குரல் கொடுத்தார். “கரண்ட் நிக்க முன்னம் கிணத்து மோட்டரைப் போட்டு, வாளியள், கிடாரம் எல்லாத்திலையும் தண்ணி பிடிச்சு வையுங்கோ தம்பி. பேந்து குளிக்கக் கழுவ ஏலாது.”

பிடித்தேன். வாளிகள் நிரம்பின, கிடாரம் நிரம்பியது, பழைய பெயின்ட் வாளிகூட நிரம்பியது. அப்போதுதான் காற்று முதன்முதலாக ஒரு சத்தம் போட்டது. பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பின. குழாயைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தால் எதிரே கறுப்புத் தாங்கி. தட்டிப் பார்த்தேன். ‘டொங்’ என்றது. பவுசர் அந்தக் கிழமை வராததால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

தாங்கிக்கு நேர் பின்னால் வாணி படுத்திருக்கும் அறையின் ஜன்னல். குமரன் சொன்னது காதில் கேட்டது. தாங்கி எழும்புகிறது, ஜன்னலை உடைக்கிறது, உள்ளே போகிறது. இவ்வளவையும் நான் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு என்னிடம் மூளை என்று ஒன்று இருக்கவில்லை. மூடியைத் திறந்து குழாயை உள்ளே விட்டேன். வழியும்வரை விட்டேன். மூடியை இறுக்கினேன். அந்தக் கணமே கரண்ட் நின்றது. நான் புயலை ஒரு நொடியால் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் போனேன்.

மத்தியானம் கடந்து காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கத் தொடங்கின. மாமி குடிதண்ணீர்ப் பானையைக் கழுவி, தாங்கியிலிருந்து புதிதாக நிரப்பிக்கொண்டு வந்து எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தார். மாமா ஒரு வாய் குடித்தார். பேணியை உற்றுப் பார்த்தார்.

“சீனிப் போத்திலையும் உப்புப் போத்திலையும் இருட்டிலை மாத்திப் போட்டியோ?”

மாமி மறுபடி வைத்தார். மாமா மறுபடி குடித்தார். இந்த முறை பேணியை மாமியிடம் நீட்டினார். மாமி குடித்துப் பார்த்தார், பானையில் கைவிட்டு நக்கிப் பார்த்தார், பின்கதவைத் திறந்து மழைக்குள் ஓடினார். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது.

“காலமை அரைவாசியும் இல்லாமல் கிடந்த தாங்கி இப்ப எப்பிடி நிரம்பினது?”

“நான்தான் மாமி நிரப்பினனான்” என்றேன். (அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

வெளியே ஏதோ முறிந்து விழுந்தது. மாமா கதிரையில் சாய்ந்துகொண்டார்.

“டொக்டர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவர். மருமகன் கிணத்தையே பருக்கிறார்.”

வாணி கட்டிலில் கிடந்தபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, பிடித்த கை எடுபடவில்லை.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் நோகுது. குடிக்கத் தண்ணி தாங்கோ.”

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அதுவரை காற்றுக்குப் பயந்தது விளையாட்டு. போனில் சிக்னல் இல்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி கிட்டத்தான், ஆனால் தெருவெல்லாம் பனை, எது எப்போது விழுமோ. வெளியே காவோலைகள் வாள் வீசுவதுபோலப் பறந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்கலாமென்றால், பவுசர் அவர்களுக்கும் வரவில்லை. நாலு பக்கமும் கடல், மேலே மழை, கிடாரம் நிறையத் தண்ணீர், நிறைமாதக்காரிக்குக் குடிக்கக் கொடுக்க ஒரு வாய் இல்லை. அதைச் செய்தவன் நான்.

என் பள்ளிக்கூடப் பையில் ஒரு போத்தலில் பாதி மிச்சமிருந்தது. வாணி அதைக் குடித்து முடித்துவிட்டு இன்னும் கேட்டாள். கூரை ஓட்டிலிருந்து வடிந்த மழைநீரை மாமி பிடிக்க விடவில்லை. கூரை முழுக்கக் காகத்தின் எச்சம். அவர் நேரே போய் அலுமாரியைத் திறந்து, அடியிலிருந்து என் கலியாண வேட்டியை உருவி எடுத்தார்.

“மாமி, அது...”

“ஒருக்காத்தானே உடுத்தது. வீட்டிலை இதைவிடத் துப்புரவான துணி இல்லை. பிடியுங்கோ.”

குசினிக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு சின்ன வெளி உண்டு. இரண்டு சுவர்களுக்கு நடுவில் காற்று கொஞ்சம் குறைவு. அங்கே மாமா இரண்டு முனையைப் பிடித்தார், நான் இரண்டு முனையைப் பிடித்தேன். மாமி கழுவிய கல் ஒன்றை நடுவில் போட்டுக் கீழே பானையை வைத்தார். மழை வேட்டியில் விழுந்து, கல்லடியில் கூடி, பானைக்குள் ஒழுகியது. காற்று வேட்டியைப் பாய்மரம் என்று நினைத்து இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கண்ணைத் திறவும் தம்பி. முனை சரியுது.”

“மாமா, எனக்குப் பயமாக் கிடக்கு.”

“எனக்கும்தான். அதுக்காக வேட்டியை விடாதையும்.”

அவர் அதுவரை என்னோடு பேசியதையெல்லாம் கூட்டினாலும் அன்றைக்குப் பேசியதில் பாதி வராது. காவோலை ஒன்று குசினிக் கூரையில் மோதி எங்கள் காலடியில் விழுந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். இரண்டு பேரும் விடவில்லை. மாமி பானையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார், வெறும் பானையோடு திரும்பி வந்தார். வாணி குடித்தாள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். அதைக் கேட்பதற்காகத்தான் நான் நின்றேன்.

பொழுதுபடும்போது காற்று இறங்கியது. வாணியின் நோவும் இறங்கியது. பிள்ளை பிறந்தது அடுத்த கிழமை, நல்ல வெயிலில், ஆஸ்பத்திரியில், ஒழுங்காக. பெண்பிள்ளை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு வெறுந் தாங்கி அன்றைக்குப் பறந்துபோய் வயலுக்குள் கிடந்தது. எங்களுடையது அசையவில்லை. இதை நான் மாமியிடம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

“ஓம் தம்பி, தாங்கி நிண்டதுதான். குடிக்கத்தான் ஒண்டுமில்லை” என்பார்.

இப்போது தாங்கியின் மூடிக்கு ஒரு பூட்டு உண்டு. கலியாண வேட்டியின் நடுவில் கல்லின் அளவுக்கு ஒரு வட்டக்கறை உண்டு, எந்தத் தோய்ச்சலுக்கும் போகாது. நல்லநாள் பெருநாளுக்கு அதை நான் உடுத்துவதில்லை. ஆனால் புயல் என்று ஒரு சொல் கேட்டால் போதும், மாமி அதை எடுத்துக் கொடியில் போட்டுவிடுவார்.

போன கார்த்திகையில் மறுபடி சிவப்பு வட்டம் வந்தது. குமரன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

“எல்லாத்தையும் கட்டியாச்சோ அக்கா?”

“ஓம், அத்தானையும் சேர்த்து” என்றாள் வாணி. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் பார்த்துப் பின்பக்கம் போனேன். தாங்கி மூடியின் மேல், இப்போது ஏழு வயதான என் மகள் ஏறி உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் கழுத்தில் தொங்கியது. பனைகள் ஆடத் தொடங்கியிருந்தன. என் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே இறங்கி, கீழே இருந்த பைப்பைத் திறந்து ஒரு பேணி பிடித்து, முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“நல்ல தண்ணிதான் அப்பா. பயப்பிடாதேங்கோ.”