எழுபத்திரண்டு மணி நேரமும் வாரவிடுமுறையும்

கும்மிடிப்பூண்டியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீசர். பெயர் பரணிதரன். ஐந்து நிமிஷம் லேட்டாக வந்தவனுக்கு அரை நாள் ஆப்சென்ட் போடுகிற மகான் நான்தான்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கவரைப்பேட்டையில், ஒரு தோழியின் வீட்டில், ஆணுறை கிழிந்தது. எனக்கும் அவளுக்கும் புதுப் பழக்கம். எச்.ஐ.வி. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று இருவரும் அறியோம். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் தொற்றைத் தடுக்கலாம் என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் படித்திருந்தேன். ஆகவே மேற்படி காலத்தை முறைப்படி கணக்கிட்டேன். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஒன்பது ஷிப்ட். நாளுக்கு ஒரு ஷிப்ட். ஞாயிறு வாரவிடுமுறை. ஆக, வருகிற புதன் போய் அதற்கடுத்த புதன்கிழமை வரை அவகாசம்! நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டேன்.

செவ்வாய் மதியம் கம்பெனி நர்ஸ் மோனிகாவிடம் இந்தக் கணக்கைப் பெருமையாகக் காட்டினேன்.

"ஐயோ, இன்னா சார் பேஜாரு பண்றீங்க! கிருமி இன்னா, உங்க கேட்ல பஞ்ச் வச்சிக்கினா உள்ள வருது? இன்னிக்கி சாயந்திரம் ஆறு மணியோட டைம் முடியுது. கெளம்புங்க!"

கேட் பாஸ் இல்லாமல் எப்படிக் கிளம்புவது? எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டேன். காரணமில்லாத பாஸில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது நானே போட்ட உத்தரவு. நிராகரித்தேன். 'சொந்த வேலை' என்று மறுபடி எழுதினேன். விவரம் போதாது என்று அதையும் நிராகரித்தேன். மணி மூன்றாகிவிட்டது. மோனிகா பாஸைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை ஸ்கூட்டியில் ஏற்றினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோண்டி நோண்டி எதுவும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஐந்து மணிக்கு முதல் மாத்திரையை விழுங்கினேன்.

"மொத்தம் இருபத்தெட்டு நாள். ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார் டாக்டர். லீவே இல்லாத அட்டெண்டன்ஸ்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிச்சம் இருபத்தேழு. மருந்து கவுன்ட்டரில் வெங்கடேசன் என்ற ஊழியர் நிதானமாக எண்ணி இருபத்து மூன்று மாத்திரை கொடுத்தார்.

"நாலு கொறையுதே சார்?" என்றாள் மோனிகா.

"நடுவுல நாலு ஞாயித்துக்கெழம வருதும்மா. அன்னிக்கி கவுன்ட்டர் லீவு. லீவு நாளுக்கு மருந்து குடுக்க உத்தரவு இல்ல."

மோனிகா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். உயிர் பயத்தில் நின்றுகொண்டிருந்த நான் முந்திக்கொண்டேன்.

"சாரோட கணக்கு கரெக்டாதானே இருக்குது, மோனிகா?"