ஒரு மாமாவுக்கு இரட்டைக் கோடு

இருபத்தைந்து வருட நர்ஸ் வாழ்க்கையில் நான் யாருக்கும் ஊசியை மாற்றிப் போட்டதில்லை, மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில்லை. ஒரே ஒரு கோட்டைத்தான் மாற்றிப் போட்டேன். ஒற்றைக் கோடு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கோடு. அதுவும் மாணவியாக இருந்தபோது, பென்சிலால். ஆனாலும் அதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது.

1998, கொல்கத்தா. நர்சிங் மூன்றாம் ஆண்டு. எங்கள் வகுப்பறைச் சுவரில் மூன்று படங்கள் இருந்தன. கையில் விளக்கோடு ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தே பரம்பரையின் ரகசியத்தைப் பிடித்துவிட்ட பாதிரியார். மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்த ரஷ்யத் தாடிக்காரர். மற்ற பெண்கள் நடிகர் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த வயதில் எனக்கு இந்த மூவர் மேல்தான் பைத்தியம். அதிலும் பாதிரியார்! ஒரு மனிதர் வருடக்கணக்காகப் பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தார், யாருக்கும் புரியவில்லை, செத்துப் பல வருடம் கழித்துத்தான் உலகம் விழித்துக்கொண்டது என்று வீட்டில் சொன்னேன். “அந்த மனுஷனுக்கு வேற ஜோலியே இல்லையா?” என்று அம்மா கேட்டாள். எனக்கோ டிராமில் எதிரே யாரோ ஓர் அப்பாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து, அவர்கள் காதுமடலைப் பார்த்தால்கூடப் பட்டாணி ஞாபகம் வரும். அவர்கள் பயந்து வேறு இடத்துக்கு மாறிவிடுவார்கள்.

அந்த வருடம் ஆளுக்கொரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் ஆய்வு செய்ய வேண்டும். வம்சப் படம் கட்டாயம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. ரத்த உறவுக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. எங்கள் ஆசிரியை மினதி திதி (வங்காளத்தில் திதி என்றால் அக்கா) என்னைக் கூப்பிட்டு, “கிடர்பூர் போர்ட் குவார்ட்டர்ஸில் ஒரு மதராஸிக் குடும்பம். பெண் மாசமா இருக்கிறாள், பாஷை தெரியவில்லை பாவம். உனக்குத்தான் தமிழ் தெரியுமே” என்றார்.

எனக்குத் தமிழ் தெரியும் என்பது மினதி திதியின் நம்பிக்கை. தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவின் டாக்குரியாவில் குடியேறிவிட்ட குடும்பம் எங்களுடையது. சோறு கேட்கவும் அம்மாவோடு சண்டை போடவும் தமிழ், மற்றதற்கெல்லாம் வங்காளம். (கனவுகூட வங்காளத்தில்தான் வரும்.)

அந்தப் பெண் பெயர் செல்வி, தேனிப் பக்கம். கணவர் குமார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தமிழ் பேசுகிற ஆளைப் பார்த்ததும் செல்விக்கு வாயெல்லாம் பல். டீ கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வம்சப் படத்துக்கு வந்ததும் நான் கேட்டேன்.

“உங்க ஹஸ்பண்டை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”

வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். “மாமான்னுதான் சிஸ்டர்.”

இங்கேதான் என் தமிழின் லட்சணம். எனக்குத் தெரிந்த ஒரே மாமா, வருடம் ஒருமுறை திருச்சியிலிருந்து வரும் அம்மாவின் தம்பி. வங்காளத்திலும் மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவர், அதில் மாற்றமே கிடையாது. எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைக் கூப்பிடுவது “என்னங்க”. கட்டிய கணவனை ஆசையாக மாமா என்று கூப்பிடும் ஊர்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியவே தெரியாது. தமிழ்நாட்டில் தாய்மாமனைக் கட்டுவது உண்டு என்பது மட்டும் தெரியும். பாதி அறிவு போதாதா? போட்டேன் இரட்டைக் கோடு.

படத்தைப் பார்த்த மினதி திதி நெஞ்சில் கை வைத்து, “கீ ஷொர்பொனாஷ்!” என்றார். பெரிய அநியாயம் நடந்துவிட்டால் வங்காளிகள் வாயில் வரும் வார்த்தை. அங்கே மாமனைக் கட்டுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். மறுநிமிடமே அவருக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டார். “அருமையான கேஸ். எல்லா வகுப்புக்கும் நீ விளக்கணும். அந்தத் தம்பதியையும் கூட்டிக்கொண்டு வா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை போனபோது செல்வியின் சமையலறையிலிருந்தே பச்சைப் பட்டாணியை அள்ளித் தரையில் பரப்பி, வழவழப்பான பட்டாணி, சுருங்கின பட்டாணி என்று பாடம் எடுத்தேன். “நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தம். அதனால பிறக்கிற குழந்தைக்குக் குறை வர்ற சான்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. வரும்னு இல்ல, வரலாம்.”

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. “ரத்தத்துலயா சிஸ்டர்?”

“ஆமா, ரத்தம்தான்.”

அதற்கு முந்தைய வாரம்தான் கிளினிக்கில் அவளுக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். அந்தப் பரிசோதனையில்தான் இந்தச் சொந்தத்தையும் குறையையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு என் நீல நிற ஃபைலைப் பார்த்தாலே அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. (ரஷ்யத் தாடிக்காரர் சொன்னது சரிதான் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். என்னை எதால் அடிப்பது?) பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவனிடமும் சொல்லவில்லை.

கருத்தரங்கு நாள் வந்தது. ஹால் நிறைய மாணவிகள். கரும்பலகையில் என் வம்சப் படம், இரட்டைக் கோடு சிவப்புச் சாக்பீஸில். முன்வரிசையில் குமார் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்வி தலை நிமிரவே இல்லை. மினதி திதி என்னிடம், “இவருடைய அக்காவுக்கு, அதாவது இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு, ஏதாவது நோய் உண்டா என்று கேள்” என்றார்.

கேட்டேன்.

“எனக்கு ஏது சிஸ்டர் அக்கா?” என்றார் குமார். “நான் வீட்டுக்கு ஒரே புள்ள.”

“அப்ப செல்வியோட அம்மா உங்களுக்கு யாரு?”

“மாமியாரு.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி யாருன்னே தெரியாது. நான் நாகப்பட்டினம், இவ தேனி. மதுரையில டைப்ரைட்டிங் கிளாஸ்ல பாத்துக்கிட்டோம். சொந்தமும் இல்ல, சாதியும் வேறன்னு இவ அண்ணன் என்னை அருவாளோட தேடினாரு. அதனாலதான் இவ்வளவு தூரம் வந்து கிடக்கோம்.” கரும்பலகையைப் பார்த்தார். “இந்தப் படத்தை அப்பவே போட்டுக் குடுத்திருந்தீங்கன்னா எங்க கல்யாணம் மண்டபத்துலயே நடந்திருக்கும்.”

நான் இதை வங்காளத்தில் மொழிபெயர்க்க வேண்டும். பாதியில் குரல் போய்விட்டது. மீதியை என் முகத்தைப் பார்த்தே ஹால் புரிந்துகொண்டது. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டிருக்காது. செல்வி மட்டும் என் கையைப் பிடித்து, “அப்ப என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?” என்று கேட்டாள். ஒண்ணும் இல்லை, என் மூளைக்குத்தான் கோளாறு என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். மினதி திதி தாமே எழுந்து இரட்டைக் கோட்டை அழித்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பத்து நாள் பயத்தில் செல்வி, மூன்று வருடமாகப் பேசாமல் இருந்த தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தாள். ‘எங்களுக்குள்ள ரத்த சொந்தம் இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க, அப்படி ஏதும் உண்டாம்மா?’ என்று. பதில் வரவில்லை. அம்மாவே வந்துவிட்டார், இரண்டு பை நிறைய பிரசவ மருந்தோடு.

விஷயத்தை விளக்க நான் கிடர்பூருக்கு ஓடினேன். அது என் தப்பும்மா, இவங்க ரெண்டு பேருக்கும் சொந்தமே கிடையாது என்று ஆரம்பித்தேன். அவர் இஞ்சி தட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

“தெரியும் கண்ணு. எங்க வம்சம் எனக்குத் தெரியாதா?”

“அப்புறம்?”

“மருமகன் சொந்தந்தேன், கல்கத்தாவுல மிசின்ல ரத்தத்தை வச்சுப் பாத்துச் சொல்லிட்டாகன்னு ஊரு பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். இவ அண்ணனே வாயை மூடிட்டான். நீ பாட்டுக்குத் தப்பு கிப்புன்னு வெளிய சொல்லி வைக்காத.”

நான் சொல்லவில்லை. செல்விக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. தேனியில் அந்த வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் இன்றைக்கும் எனக்கு முன்வரிசை நாற்காலி. “இந்த சிஸ்டருதேன் நம்ம மாப்பிள்ளை சொந்தம்னு கண்டுபிடிச்சாக” என்று வந்தவர்களிடம் அறிமுகப்படுத்துகிறவர், அன்றைக்கு அருவாளோடு தேடிய அதே அண்ணன்.