மூடி இறுக்கிய மாமேதை

பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். பாதுகாக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எனக்கு அண்ணனாக வாய்த்தது நான் செய்த பாக்கியம்.

கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணனின் பார்வை, அண்ணியின் கண்ணாடி ஜாடிகள்மேல் விழுந்தது. மொட்டைமாடித் தக்காளியைக் கூழாகக் காய்ச்சி அண்ணி அவற்றில்தான் அடைத்து வைப்பார். அடுத்த காய்ப்புவரை சமையலுக்கு அதுதான் ஆதாரம்.

உடனே ‘ஜாடிப் பராமரிப்புக் குழு’ உதயமாயிற்று. தலைவர் அண்ணன். செயலாளர் நான். உறுப்பினர் அண்ணி. ஜாடி கழுவிக்கொண்டிருந்ததால் அவரால் கூட்டத்துக்கு வர இயலவில்லை.

“காலி ஜாடியைத் தொறந்து போட்டு வெச்சிருக்கா! தூசி போகாதா? பூச்சி போகாதா?” என்று தலைவர் முழங்கினார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மூடியையும் குறடு போட்டு இறுக்கினார்.

அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்தார். “ஐயோ, என்னங்க இது! மூடியைத் தனியா வைக்கணும். உள்ள இருக்கற ரப்பர் அமுங்கிப் போச்சுன்னா அப்புறம் ஒட்டவே ஒட்டாது!”

“அவ்வளவு பெரிய கிடங்கையே கட்டிக் காத்தவன் நான். எனக்கே மூடி போடக் கத்துத் தர்றியா?”

“தம்பி, நீங்களாவது சொல்லுங்களேன்!”

தலைவரை எதிர்த்துச் செயலாளர் பேசுவது மரபன்று. தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டேன்.

ஜாடிகள் அலமாரியில் பளபளத்தன. அண்ணன் போகும்போதும் வரும்போதும் இன்னும் ஒரு திருகு திருகிவிட்டுப் போவார். என்ன அக்கறை!

தக்காளி பழுத்தது. செடி தாங்காத காய்ப்பு. அண்ணி வேர்த்து விறுவிறுக்கக் கூழ் காய்ச்சி, ஜாடிகளை நிரப்பி மூடி, கொதிநீரில் வைத்து எடுத்தார். ஆறியதும் ஒரு மூடியின் நடுவில் விரலை அழுத்தினார். நன்றாக ஒட்டிய மூடி அசையாது. இது ‘டப்’ என்றது. அடுத்ததும் ‘டப்’. அத்தனையும் ‘டப்’.

கடையிலிருந்து புது மூடி வருவதற்குள் கூழ் நுரைத்துப் புளித்துவிட்டது. அண்ணி எல்லாவற்றையும் செடிகளின் காலடியிலேயே கொட்டினார்.

விசாரணைக் கூட்டம் கூடியது.

“தக்காளி சரியில்ல,” என்று அண்ணன் தீர்ப்பளித்தார். “இனிமே ஜாடிக்குள்ள எதையும் போடக் கூடாது. போட்டாத்தானே கெடுது?”

அண்ணனின் பாதுகாப்புத் திறமையைக் குறை சொல்பவன் நன்றி கெட்டவன். மூடிகள் கைவிட்டிருக்கலாம். ஆனால் அவர் தலை மட்டும் இன்றுவரை காற்றுப் புகாமல் இறுகியே இருக்கிறது. அதற்குள் எதையும் போட்டு அவர் கெடுத்ததே இல்லை.